1998 மாருதி 800-க்கு பைக் பாகங்களை வைத்து ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்: செய்த விவரமும் கேள்விகளும்

சத்துவாச்சாரி 800

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகள் போட்ட வேலை ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

வண்டி 1998 மாருதி 800, டிஎன் 23 பதிவு. 3 சிலிண்டர், 796 சிசி, எஃப்8பி இன்ஜின். அப்பா புதிதாக எடுத்த கார், நான் ஓட்டப் பழகியதும் இதில்தான். விற்கும் எண்ணம் கிடையாது.

காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்தான் பாடாய்ப்படுத்தியது. மே மாதத்தில் பெங்களூரு ரோட்டில் ஒரே சீராக எண்பதில் வந்து பள்ளிகொண்டா டோலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பானெட்டுக்குள் தேங்கும் சூட்டில் ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துவிடும். கிளப்பினால் இருமும், பத்தடி போய் அணையும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இன்னொரு தொல்லை. ஆக்சிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் ரப்பர் ஊதிப்போகிறது. புது கிட் என்று கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட். இரண்டு வருடத்தில் மூன்று கிட் மாற்றினேன். மூன்றாவதை நாலாவது மாதம் பிரித்தால் டயாஃப்ரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. அன்றைக்குத்தான் கார்புரேட்டரை விட்டுவிட்டு, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

ஏன் பைக் பாகங்கள்? 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து நம் ஊரில் விற்கும் பெட்ரோல் பைக், ஸ்கூட்டர் கிட்டத்தட்ட எல்லாமே இன்ஜெக்‌ஷன்தான். அடிபட்ட வண்டிகளின் த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்), இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), பம்ப் எல்லாம் சென்னை புதுப்பேட்டையில் குவிந்து கிடக்கின்றன. புதிதாக வேண்டுமென்றாலும் டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் மறுநாள் வந்துவிடும். நாளைக்கு ஆம்பூரில் வண்டி நின்றாலும் பாகம் கிடைக்கும். இந்தக் காருக்கு எனக்கு வேண்டியது அதுதான்.

இப்போது இருப்பது இதுதான்: 200 சிசி பைக்கின் த்ராட்டில் பாடி ஒன்று, 160 சிசி பைக்கின் இன்ஜெக்டர் மூன்று, ஒரு பைக் பம்ப், ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ என்கிற திறந்தமூல ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி). பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்ப இன்னும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரேதான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆம்பூர் ஜென்

அருமை. எனக்குப் புரியாத ஒன்று. 160 சிசி பைக் இன்ஜெக்டர் 796 சிசி காருக்கு எப்படிப் போதும்? என்னிடம் இருப்பது பழைய கார்புரேட்டர் ஜென். பெரிய இன்ஜெக்டராகப் போட்டால் பாதுகாப்பு இல்லையா?

சத்துவாச்சாரி 800

நானும் இதில்தான் முதலில் குழம்பினேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இன்ஜெக்டருக்கு சிசி தெரியாது. ஒரு நிமிடத்தில் எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்பது மட்டுமே கணக்கு. அது குதிரைத்திறனைப் பொறுத்தது.

தோராயமாக ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 225 கிராம் பெட்ரோல் வேண்டும். என் இன்ஜின் 37 குதிரைத்திறன். 37-ஐ 225-ஆல் பெருக்கினால் மணிக்கு சுமார் 8,300 கிராம், நிமிடத்துக்கு 139 கிராம். பெட்ரோல் அடர்த்தி 0.75 என்று வைத்தால் நிமிடத்துக்கு 185 மில்லி. மூன்று சிலிண்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 62. இன்ஜெக்டரை எப்போதும் முழுக்கத் திறந்து வைக்கக் கூடாது, அதிகபட்சம் 80 சதவீத நேரம்தான் என்று கொண்டால் 77. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் 9 சதவீதம் கூடப் போகவேண்டும், ஆக 84. நிமிடத்துக்கு 84 மில்லி தரும் இன்ஜெக்டர் இருந்தால் போதும்.

இப்போது பைக்கைப் பாருங்கள். 160 சிசி பைக் 15, 16 குதிரைத்திறன் தருகிறது. என் காரில் ஒரு சிலிண்டர் தருவது 12தான். பைக் சின்ன இன்ஜின் என்றாலும் எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுற்றுக்குப் போய் அந்தச் சக்தியை எடுக்கிறது. மாருதி ஐயாயிரத்து ஐந்நூறிலேயே முடிந்துவிடுகிறது.

பெரிய இன்ஜெக்டர் போட்டால் ஐடிலில் மாட்டிக்கொள்வீர்கள். நின்றபடி ஓடும்போது தேவைப்படுவது துளித்துளியாகத்தான். பெரிய இன்ஜெக்டர் அதைத் தர ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகத் திறந்து மூடவேண்டிவரும். அவ்வளவு குறைந்த நேரத்தில் எந்த இன்ஜெக்டரும் ஒழுங்காக அளந்து தராது. எனக்கு ஐடிலில் 2 மில்லி விநாடிக்கு மேல் நிற்கிறது, சீராக ஓடுகிறது.

காட்பாடி ஸ்பேனர்

தம்பி, கணக்கு சரி. ஆனால் பழைய பாகத்தில் கணக்கை மட்டும் நம்பாதே. அடைத்த இன்ஜெக்டர் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அளந்தாயா?

சத்துவாச்சாரி 800

அளந்தேன் அண்ணே. காட்பாடியில் தெரிந்த ஒரு பைக் பட்டறையில் இன்ஜெக்டர் கிளீனிங் மெஷின் இருக்கிறது. நான்கு இன்ஜெக்டர் வாங்கி, சுத்தம் செய்து, 3 பார் அழுத்தத்தில் 30 விநாடி திறந்துவிட்டு கண்ணாடிக் குழாயில் பிடித்தோம். 58, 59, 61, 52 மில்லி. அந்த 52-ஐ ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் போட்டேன். நிமிடத்துக்கு 116 முதல் 122 வருகிறது, தேவை 84. தாராளம்.

இதை யாரும் வீட்டில் பெட்ரோலை வைத்துச் செய்யவேண்டாம். இன்ஜெக்டரிலிருந்து வருவது புகை மாதிரியான பெட்ரோல் மழை, ஒரு பொறி போதும். மெஷினில் அதற்கென்று தனித் திரவம் இருக்கிறது.

ஆம்பூர் ஜென்

மூன்று இன்ஜெக்டருக்கு மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) துளை போடவேண்டுமே. கார்புரேட்டர் உட்கார்ந்த இடத்தில் த்ராட்டில் பாடியை வைத்து, அதிலேயே ஒரே ஒரு பெரிய இன்ஜெக்டர் வைத்தால் வேலை மிச்சம் இல்லையா?

சத்துவாச்சாரி 800

முதலில் அதைத்தான் செய்தேன். 390 வகை ஒற்றை சிலிண்டர் பைக் 40 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது, அதன் ஒற்றை இன்ஜெக்டரே என் கார் முழுவதற்கும் போதும் என்று கணக்கு சொன்னது. 12 மி.மீ. அலுமினியத் தகட்டில் அடாப்டர் செய்து, கார்புரேட்டர் இடத்தில் வைத்துப் பூட்டினேன். வண்டியும் ஸ்டார்ட் ஆனது. மூன்று வாரம் ஓட்டினேன்.

ஆனால் இழுவையில் ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருந்தது. பிளக்கைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நடு சிலிண்டர் பிளக் அடுப்புக்கரி மாதிரி கருப்பு, தொட்டால் விரலில் ஒட்டியது. ஓரத்து இரண்டும் வெளுத்துப்போய், பீங்கானில் சாம்பல் நிறம். ஒரே இன்ஜின், ஒரே பெட்ரோல். பைக்கில் இன்ஜெக்டர் வால்வைப் பார்த்துப் பீய்ச்சும். இங்கே அது மேனிஃபோல்டின் தரையைப் பார்த்துப் பீய்ச்சியது. நனைந்த தரையிலிருந்து பெட்ரோல் வழிந்து நடுவுக்கே அதிகம் போயிருக்கிறது. காற்று வளைந்து திரும்பும், பெட்ரோல் துளி அப்படித் திரும்பாது. வெளுத்த, அதாவது பெட்ரோல் குறைந்த, ஓர சிலிண்டரில் வெகுநாள் ஓடினால் பிஸ்டனுக்கே ஆபத்து. அன்றே கழற்றிவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், துளை போடுகிற வேலைக்குப் பயந்து ஒற்றை இன்ஜெக்டரோடு நிறுத்தாதீர்கள். உங்கள் ஜென்னில் நான்கு சிலிண்டர் வேறு.

ராணிப்பேட்டை லேத்

இந்த மேனிஃபோல்டு வேலை என்னிடம்தான் நடந்தது, நானே சொல்கிறேன். மூன்று கிளைக் குழாயிலும் ஹெட் பக்கத்துக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கத்தில், சாய்வாகத் துளைத்து, அலுமினிய புஷ் வைத்து டிக் வெல்டிங் செய்தோம். வெல்டிங் செய்தபின்தான் புஷ்ஷின் உள் அளவைக் கடைசியாக ரீமர் விட்டு எடுத்தேன். முதலிலேயே அளவு எடுத்துவிட்டால் வெல்டிங் சூட்டில் கோணிப்போகும், ஓ-ரிங் உட்காராது, அந்த வழியாகக் காற்று உறிஞ்சும். வெல்டிங் முடிந்ததும் ஹெட்டில் உட்காரும் முகத்தை ஒருமுறை மில்லிங்கில் ஓட்டிவிட வேண்டும். 0.3 மி.மீ. வளைந்திருந்தது.

அலுமினியத் துகள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவி, காற்றடித்து, டார்ச் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

பைக் இன்ஜெக்டரில் இன்னொரு விஷயம். காரில் இருப்பதுபோல் பொதுவான ரெயில் இருக்காது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் மூடியும் ஹோஸும் வரும். மூன்றையும் ஹோஸால் கோத்தால் ஆறு இடத்தில் கசிய வாய்ப்பு. சதுர அலுமினியக் கட்டையில் நீளவாக்கில் துளைத்து, மூன்று கிண்ணம் போட்டு ஒரே ரெயிலாகச் செய்துவிட்டேன்.

காட்பாடி ஸ்பேனர்

பெட்ரோல் லைன் பற்றி நான் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கார்புரேட்டர் லைனில் அழுத்தம் கால் பார் அளவுதான். இன்ஜெக்‌ஷனில் 3 பார். பத்து மடங்குக்கு மேல். பழைய ரப்பர் ஹோஸையே விட்டுவைத்து, ஸ்க்ரூ கிளிப்பை இறுக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தெறித்தால் சூடான எக்சாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷனுக்கென்று எழுதிய ஹோஸ், அதற்கேற்ற கிளிப், வண்டிக்குள் ஒரு தீயணைப்பான். இது மூன்றும் இல்லாமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

தம்பி, பம்ப்பை எங்கே வைத்தாய்? பைக் பம்ப் டேங்குக்குள் மூழ்கி இருக்கிற பம்ப் ஆயிற்றே.

சத்துவாச்சாரி 800

சரியான கேள்வி அண்ணே. அந்தப் பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் சூடு ஆறும். கார் டேங்கை வெட்ட எனக்கு மனமில்லை. அதனால் ஒரு லிட்டர் பிடிக்கிற அலுமினிய டப்பா ஒன்று செய்து, பைக் டேங்கின் வாய் அளவிலேயே அதற்கு வாய் வைத்து, பம்ப் மாட்யூலை கேஸ்கட்டோடு அப்படியே உட்கார வைத்தோம். இன்ஜினில் இருக்கும் பழைய மெக்கானிக்கல் பம்ப் டேங்கிலிருந்து இழுத்து டப்பாவை நிரப்புகிறது. நிரம்பி வழிவது பழைய ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே போய்விடுகிறது. 3 பார் ரெகுலேட்டர் பைக் மாட்யூலுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் உயர் அழுத்த லைன் டப்பாவிலிருந்து ரெயில் வரை இரண்டடிதான், மற்றதெல்லாம் பழையபடி குறைந்த அழுத்தம்.

இதில் கூடுதல் நன்மை உண்டு. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வேலூர் கிரீன் சர்க்கிளில் வளைத்துத் திருப்பினாலும் டப்பா நிறைந்தே இருப்பதால் பம்ப் காற்றை உறிஞ்சாது.

பம்ப் ரிலே ஈசியு கையில். சாவி போட்டதும் இரண்டு விநாடி ஓடி அழுத்தம் ஏற்றும், அப்புறம் இன்ஜின் சுற்றினால்தான் ஓடும். மோதினால் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றும் தனியாக வைத்திருக்கிறேன்.

கம்பியும் கரண்டும்

காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறேன் அண்ணா. பைக் ஈசியுவையே ஏன் பயன்படுத்தவில்லை?

சத்துவாச்சாரி 800

தம்பி, பைக் ஈசியு அந்த ஒரு சிலிண்டருக்கு, அந்த மேக்னட்டில் இருக்கும் பல் வரிசைக்கு எழுதப்பட்டது. உள்ளே இருக்கும் பெட்ரோல் அட்டவணையைத் திறந்து மாற்றவும் முடியாது. மூன்று சிலிண்டருக்கு எப்போது திறக்கவேண்டும் என்று அதற்குச் சொல்ல வழியில்லை. அதனால் சென்சார்கள் பைக்கினுடையவை, மூளை மட்டும் ஸ்பீடுயினோ. த்ராட்டில் பாடியில் வந்த பொசிஷன் சென்சார், மேனிஃபோல்டு அழுத்த சென்சார், காற்றுச் சூடு சென்சார் மூன்றும் பைக்கினுடையவையே. மூன்றையும் மல்டிமீட்டர் வைத்து அளந்து அளவீடு எழுதிக்கொண்டேன்.

கிராங்க் எங்கே இருக்கிறது என்று தெரிய 36 பல்லில் ஒன்றைக் குறைத்த சக்கரம், லேசரில் வெட்டி கிராங்க் புல்லிக்குப் பின்னால் மாட்டியது. பல்லை எண்ணுவது காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார். இதில் ஒரு மாதம் போனது. 3,000 சுற்று வரை நன்றாக இருக்கும், அதற்குமேல் ஈசியு பல்லை எண்ணத் தவறி, படக்கென்று இன்ஜின் அணைந்து திரும்பப் பற்றிக்கொள்ளும். வயரிங்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஷீல்டு வயர் மாற்றினேன், எர்த் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

ராணிப்பேட்டை லேத்

வண்டியை இங்கே கொண்டுவந்தார். டயல் கேஜை வைத்து புல்லியைக் கையால் ஒரு சுற்று சுற்றினேன். சக்கரம் 0.8 மி.மீ. ஆடியது. சென்சார் இடைவெளியே 1 மி.மீ.தான். ஒரு பக்கம் பல் சென்சாரை உரசப் பார்க்கிறது, மறுபக்கம் எட்டாத தூரம் போகிறது. புல்லியில் ஒரு படி கடைந்து சக்கரத்தை அதில் அழுத்தி உட்கார வைத்தேன், ஆட்டம் 0.05-க்குள் வந்தது. சென்சார் பிராக்கெட்டையும் பாடியிலிருந்து எடுத்து இன்ஜின் பிளாக்கிலேயே போல்ட் செய்தோம். இன்ஜின் ஆடும்போது சென்சாரும் சேர்ந்து ஆடவேண்டும்.

சத்துவாச்சாரி 800

அன்றைக்கே சிப்காட் ரோட்டில் 5,000 வரை இழுத்துப் பார்த்தோம். ஒரு பல்கூடத் தவறவில்லை.

ஆம்பூர் ஜென்

த்ராட்டில் பாடி 200 சிசி பைக்கினுடையது என்கிறீர்கள். காற்று போதுமா?

சத்துவாச்சாரி 800

வெர்னியரில் வாய் 38 மி.மீ. காட்டியது. 5,500 சுற்றில் கணக்குப் போட்டால் அதன் வழியாகக் காற்று விநாடிக்கு 26 மீட்டர் வேகத்தில் போகிறது, மூச்சு முட்டாது. முதலில் வைத்த பெரிய த்ராட்டில் பாடியில் காலை லேசாக வைத்தாலே வண்டி துள்ளும், கோசப்பேட்டைச் சந்துகளில் ஓட்டவே முடியவில்லை. இது மெதுவாகத் திறக்கிறது. கேபிள் சுற்றும் சக்கரத்தை மட்டும் பெரிதாகக் கடைந்து, கார் பெடலின் முழு நடைக்கும் த்ராட்டில் முழுக்கத் திறக்கும்படி செய்தோம். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு போடுங்கள். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று மூடவேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொள்பவர்கள் கவனிக்க: அதன் வாக்யூம் ஹோஸ் கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே இருக்கும் துளையில் மாட்டியிருக்கும், ஐடிலில் உறிஞ்சல் வராது. பைக் த்ராட்டில் பாடியில் அப்படித் துளை கிடையாது. நேராக மேனிஃபோல்டில் மாட்டிவிட்டால் ஐடிலிலேயே ஸ்பார்க் விழும் நேரம் (டைமிங்) முன்னால் ஓடிப்போய் ஆர்பிஎம் ஏறி இறங்கும். நான் தகட்டுக்கு மேலே ஒன்றரை மி.மீ. துளை போட்டுச் சரிசெய்தேன்.

பாகாயம் வாசி

வேலை நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 பற்றி யாரும் பேசவில்லையே. ஆர்சியில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் வண்டி 15 வருடம் தாண்டியது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகவேண்டும். அங்கே பானெட்டைத் திறப்பார்கள்.

சத்துவாச்சாரி 800

நியாயமான கேள்வி சார். இன்ஜின் எண், சேசிஸ் எண், சிசி, எரிபொருள் வகை எதுவும் மாறவில்லை. இருந்தாலும் அதிகாரியின் பார்வை ஆளுக்கு ஆள் மாறலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால் பழைய மேனிஃபோல்டைத் தொடவில்லை, வேறொரு பழைய மேனிஃபோல்டு வாங்கித்தான் துளைத்தோம். பழையதும் கார்புரேட்டரும் எண்ணெய் தடவி அலமாரியில் இருக்கின்றன, ஒரே நாளில் திரும்ப மாட்டிவிடலாம். இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டேன். விபத்து என்று வந்தபின் சொன்னால் அவர்கள் கேட்கமாட்டார்கள்.

புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு முன்பு 2.6 சதவீதம் வரும், வரம்பு 3. இப்போது 0.4.

பாகாயம் வாசி

அந்த 0.4 என்னைச் சமாதானப்படுத்துகிறது. பழைய பாகங்களை விற்றுவிடாதீர்கள்.

ஆம்பூர் ஜென்

ட்யூனிங் எப்படிச் செய்தீர்கள்? செலவு? மைலேஜ்?

சத்துவாச்சாரி 800

வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி எக்சாஸ்டில் மாட்டி, மடியில் லேப்டாப்போடு அவர் உட்கார, விடியற்காலை ஐந்து மணிக்கு காலியான பைபாஸில் நான் ஓட்ட, ஆறு ஞாயிறு ஆனது. ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது, அதற்குக் கட்டாயம் இன்னொரு ஆள் வேண்டும். கலவையை ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய எண்ணில் பார்க்காமல், சரியான கலவையை 1 என்று வைக்கும் லாம்ப்டா கணக்கில் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த எண் 13.5 பக்கம் வந்துவிடுகிறது. லாம்ப்டா 1 என்றால் எந்தப் பெட்ரோலுக்கும் 1தான்.

செலவு 26,000 ரூபாய் பக்கம். முதல் தடவை வீணாய்ப்போன அடாப்டரும் இதில் அடக்கம். மைலேஜ் ஊருக்குள் 13-லிருந்து 15 ஆகியிருக்கிறது, ரோட்டில் 19. மார்கழிக் காலையில் சோக் இழுக்காமல் ஒரே திருப்பில் பற்றிக்கொள்கிறது.

காட்பாடி ஸ்பேனர்

மலை ஏற்றிப் பார்த்தாயா? கார்புரேட்டர் வண்டி மேலே போகப் போகக் கருப்பாய்ப் புகைக்கும், காற்று மெலிந்தாலும் ஜெட் அதே அளவு ஊற்றும்.

சத்துவாச்சாரி 800

போன வாரம் ஏலகிரி போனோம் அண்ணே. அப்பா முன் சீட்டில், லேப்டாப் தங்கை மடியில். இன்ஜினை ஓடவிடாமல் சாவி மட்டும் போட்டுப் பார்த்தால் பொன்னேரி அடிவாரத்தில் அழுத்த சென்சார் 97 கிலோபாஸ்கல் காட்டியது. 14 கொண்டை ஊசி வளைவும் இரண்டாவது கியரிலேயே ஏறினோம், அத்தனாவூரில் நிறுத்திப் பார்த்தால் 89. ஈசியு தானாகவே பெட்ரோலைக் குறைத்திருந்தது, லாம்ப்டா ஏறும்போது வைத்த இடத்திலேயே நின்றது. மேலே பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், மூன்றும் ஒரே காப்பிப்பொடி நிறம். அப்பா அந்த மூன்றையும் கையில் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது எட்டாவது வளைவில் ஒரு சின்ன விஷயம். காலை எடுத்ததும் பெட்ரோலை நிறுத்துகிற அமைப்பு திரும்பப் பற்றும்போது லேசாகக் குலுக்குகிறது. பெட்ரோல் திரும்ப வருகிற இடத்தை 1,400 சுற்றிலிருந்து 1,700-க்கு மாற்றிவைத்திருக்கிறேன், இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

காட்பாடி ஸ்பேனர்

1,700 சரியாக இருக்கும். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரை எடுக்கப்போகிறாய் என்றால் ஞாயிற்றுக்கிழமை டைமிங் லைட்டோடு வருகிறேன். புல்லியில் குறியை வெள்ளை பெயிண்ட்டில் தெளிவாகப் போட்டு வை.